எட்டு மணி நேர நித்திரையும் பஸ் நடத்துநரின் படிக்கட்டும்

மே தினம் என்றதும் எமக்கு ஊர்வலங்களும் மேடைப் பேச்சுகளும் செங்கொடிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. இலங்கையிலே அதற்கு மேலதிகமாக, எந்தக் கட்சியின் கூட்டத்துக்கு எத்தனை பஸ் வண்டிகளில் ஆட்கள் ஏற்றிவரப்பட்டார்கள் என்ற கணக்கும் பேசப்படுவதுண்டு. ஆனால், அந்த நாளின் வேரைத் தேடிச் செல்பவர்கள் அங்கே மிகச் சாதாரணமான ஒரு மனிதத் தேவையைக் காண்பார்கள். அதுதான் நித்திரை. நாளொன்றில் எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் ஓய்வு, எஞ்சிய எட்டு மணித்தியாலம் எமக்கே என்ற கோரிக்கைக்காகத்தான் மனிதர்கள் வீதிக்கு இறங்கினார்கள்; சிறை சென்றார்கள்; சிலர் தூக்குமேடைக்கும் சென்றார்கள்.

வேலைப்பளு மிகுந்த இன்றைய வாழ்வில் நித்திரைக்கும் உடற்பயிற்சிக்கும் எவ்வாறு நேரம் ஒதுக்குவது என்ற கேள்வியை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ரொறன்ரோவில் பகலில் ஒரு வேலையும் இரவில் இன்னொரு வேலையும் செய்யும் உறவினர் கேட்கிறார். இலண்டனில் இரவுக் கடையில் நிற்கும் நண்பர் கேட்கிறார். கொழும்பில் அலுவலகத்துக்குப் போய்வருவதற்கே நாளில் மூன்று மணித்தியாலத்தைச் செலவிடுபவரும் கேட்கிறார். நான் வைத்தியன் அல்லன். செய்தியோடும் கொஞ்சம் வரலாற்றோடும் காலம் கழித்தவன். ஆகவே, இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன சொல்கிறது என்பதை மாத்திரம் இங்கு எழுத முனைகிறேன். பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு படித்த காலத்தில் கைத்தொழிற் புரட்சி பற்றிய பாடங்களில் நீராவி இயந்திரமும் பருத்தி ஆலையும் வந்த அளவுக்கு நித்திரை வரவில்லை. அதை நான் பின்னர், இரவுப் பணியில் அமர்ந்து கண்விழித்திருந்த ஆண்டுகளில்தான் தேடிப் படித்தேன்.

விளக்கு வந்த கதை

எமது முன்னோர் நாளை மணிக்கூட்டினால் பிரிக்கவில்லை. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று சிறுபொழுதுகளாகப் பிரித்தார்கள். 24 நிமிடம் கொண்டது ஒரு நாழிகை. 60 நாழிகை கொண்டது ஒரு நாள். ஏழரை நாழிகை ஒரு சாமம். வெளிச்சம் இருக்கும்போது வேலை, இருள் வந்தால் ஓய்வு என்பதே உலகமெங்கும் உழவர்களின் பொதுவிதியாக இருந்தது. ஐரோப்பாவிலே, கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர், மக்கள் இரவை ஒரே மூச்சில் நித்திரை செய்து கழிக்கவில்லை என்றும், முன்னிரவில் ஒரு நித்திரை, நடுவில் சிறிது விழிப்பு, பின்னிரவில் இரண்டாவது நித்திரை என்று பிரித்துக்கொண்டார்கள் என்றும் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரொஜர் ஏக்கர்ச் 2001 ஆம் ஆண்டிலும், பின்னர் 2005 இல் வெளிவந்த தமது நூலிலும் எடுத்துக்காட்டினார். பழைய நீதிமன்ற வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து அவர் இந்தச் சான்றுகளைத் திரட்டினார். அந்த வழக்கம் எங்கும் ஒரேமாதிரி இருந்ததா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனால், நித்திரைக்கும் வரலாறு உண்டு என்பதை அவர் நிலைநாட்டிவிட்டார்.

அந்த இரவைக் கலைத்தது விளக்கு. 1807 ஆம் ஆண்டு இலண்டனின் போல் மோல் வீதியில் வாயு விளக்குகள் எரிந்தன. அதன்பின் ஆலைகளுக்குள்ளும் வாயு வெளிச்சம் புகுந்தது. சூரியன் மறைந்தால் வேலை நிற்கவேண்டும் என்ற இயற்கையின் கட்டளை அத்துடன் செல்லுபடியற்றதாகியது. தோமஸ் அல்வா எடிசன் 1879 இல் மின்குமிழை வெற்றிகரமாக எரியச் செய்தார். 1882 செப்டெம்பர் 4 ஆம் திகதி நியூயோர்க்கின் பேர்ள் வீதி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நித்திரை வீண் விரயம் என்ற கருத்துடையவர் எடிசன். தாம் இரவில் நான்கைந்து மணித்தியாலமே நித்திரை செய்வதாகப் பெருமையாகக் கூறிக்கொண்டவர். ஆனால், அவர் பகலில் இடையிடையே கண்ணயர்பவர் என்பதும், அவரது நூலகத்தில் அதற்கென்றே ஒரு சிறு கட்டில் போடப்பட்டிருந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கன. குறைந்த நித்திரையைப் புகழ்பவர்களின் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வரும்.

மூன்று எட்டுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆலைகளில் பன்னிரண்டு, பதினான்கு மணித்தியால வேலை சாதாரணமாக இருந்தது. சிறுவர்களும் அதற்கு விலக்கல்ல. ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க்கில் ஆலை நடத்திய ரொபேர்ட் ஓவன், 1817 ஆம் ஆண்டளவில், எட்டு மணித்தியால உழைப்பு, எட்டு மணித்தியாலப் பொழுதுபோக்கு, எட்டு மணித்தியால ஓய்வு என்ற சூத்திரத்தை முன்வைத்தார். இதைச் சொன்னவர் ஒரு முதலாளி என்பதுதான் வியப்பு. எனினும், 1847 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்கூட, பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணித்தியாலம் என்ற எல்லையைத் தாண்டி இறங்கவில்லை.

எட்டு மணித்தியாலத்தை முதலில் நடைமுறையில் வென்றெடுத்தவர்களுள் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரக் கற்கொத்தர்கள் முக்கியமானவர்கள். 1856 ஏப்ரல் 21 ஆம் திகதி, மெல்பேர்ண் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உளிகளைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். சம்பளக் குறைப்பின்றியே அவர்களுக்கு எட்டு மணித்தியால வேலைநாள் கிடைத்தது. வெயிலில் கல் உடைப்பவனுக்குப் பத்து மணித்தியாலம் தாங்காது என்பது அவர்களது வாதங்களுள் ஒன்று. இன்றும் மெல்பேர்ண் செல்பவர்கள் தொழிற்சங்க மண்டபத்துக்கு எதிரே 888 என்ற மூன்று எண்களை உச்சியில் தாங்கி நிற்கும் நினைவுத்தூணைக் காணலாம். 1903 இல் திறந்துவைக்கப்பட்ட தூண் அது. அந்த நகரில் வாழும் எம்மவர்கள் பலர் அதைக் கடந்து சென்றிருப்பார்கள். அதன் ஓர் எட்டு நித்திரைக்குரியது என்பதை எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது.

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. 1886 மே 1 ஆம் திகதி அமெரிக்கத் தொழிலாளர்கள் எட்டு மணித்தியால வேலைநாளுக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே 4 ஆம் திகதி சிக்காகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது, துப்பாக்கிகளும் வெடித்தன. 1887 நவம்பர் 11 ஆம் திகதி நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1889 இல் பாரிஸில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டின் தீர்மானப்படி 1890 இல் மே தினம் பிறந்தது. 1919 இல் சர்வதேசத் தொழில் தாபனம் வொஷிங்டனில் கூடி நிறைவேற்றிய முதலாவது சமவாயமே, தொழிற்சாலைகளில் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்பதுதான்.

இந்த நீண்ட போராட்டத்தில் உடற்பயிற்சி என்ற சொல் பெரிதாக எங்கும் அடிபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குக் காரணம் எளியது. கல் உடைப்பவனுக்கும் தறி ஓட்டுபவனுக்கும் வேறு பயிற்சி வேண்டியிருக்கவில்லை. அவனுடைய உடலுக்குத் தேவைப்பட்டது ஓய்வு மட்டுமே.

எமது கரையில்

சென்னையில் 1918 ஏப்ரல் 27 ஆம் திகதி தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் தொடக்ககால ஒழுங்கமைந்த தொழிற்சங்கங்களுள் ஒன்று. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முறைப்பாடுகளுள் முக்கியமான ஒன்று மதிய உணவுக்குக் கொடுக்கப்பட்ட இடைவேளை போதாது என்பது. 1923 மே 1 ஆம் திகதி ம.சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதலாவது மே தினத்தைக் கொண்டாடினார்.

கொழும்பில் 1922 இல் ஏ.ஈ.குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். மறு ஆண்டே பொது வேலைநிறுத்தம். 1929 இல் ட்ராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம். பத்திரிகையாளரான கோ.நடேசய்யர் 1931 இல் மலையகத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார். எமது தொழிலைச் சேர்ந்த ஒருவர் அந்த வரலாற்றில் இருப்பது எனக்குப் பெருமை. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வகுத்தது. 1956 இல் மே தினம் விடுமுறை தினமாகியது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது வேலைநேரம் என்பது எல்லோருக்கும் ஒரேவிதமாகச் சுருங்கியது போன்ற தோற்றம் ஏற்படலாம். அது உண்மையல்ல. மலையகத் தோட்டங்களில் பொழுது புலருமுன் தப்பு அடித்துத் தொழிலாளரை எழுப்பினார்கள். பிரட்டுக்களத்தில் கணக்கெடுப்பு நடக்கும். அதற்கு முன்பே பெண்கள் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடுவதற்கு ஆயத்தம் செய்தாக வேண்டும். பகல் முழுவதும் செங்குத்தான மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவள், மாலையில் லயத்துக்குத் திரும்பிய பின்னர் மீண்டும் அடுப்புக்கே செல்கிறாள். மூன்று எட்டுகளில் அவளுக்கென்று எந்த எட்டு இருந்தது? அவளிடம் போய் உடற்பயிற்சியின் மகிமையை எடுத்துரைக்க எவருக்கும் வாய் வராது. வேலையில் உடலை வருத்துவதும், விரும்பியவாறு உடலை இயக்குவதும் ஒரே பலனைத் தருவதில்லை என்று அண்மைக்கால ஆய்வாளர்கள், குறிப்பாக டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள், இப்போது எழுதுகிறார்கள். வேலையிடத்தில் கடும் உடலுழைப்புச் செய்யும் ஆண்களிடையே அகால மரணம் கூடுதலாக இருப்பதை 2018 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு சுட்டிக்காட்டியது. தேயிலை மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

1953 ஆம் ஆண்டு

இலங்கையருக்கு 1953 என்றால் ஹர்த்தால். பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததால் ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடே கிளர்ந்தெழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பின்னர் பதவி விலகினார். அதே ஆண்டில், எமது பத்திரிகைகள் பெரிதாகக் கவனிக்காத இரண்டு அறிவியற் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று நித்திரை பற்றியது. மற்றது உடலியக்கம் பற்றியது.

செப்டெம்பர் மாதத்தில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் நதானியேல் கிளைற்மனும் அவரது மாணவர் இயூஜின் அசரின்ஸ்கியும், நித்திரையின்போது குறிப்பிட்ட வேளைகளில் மூடிய இமைகளின் கீழ் கண்கள் வேகமாக அசைகின்றன என்றும் அவ்வேளைகளில் கனவு நிகழ்கிறது என்றும் அறிவித்தார்கள். நித்திரை என்பது விளக்கை அணைத்தது போன்ற வெறும் இன்மை என்ற எண்ணம் அன்றோடு மறைந்தது. மூளை இரவிலும் பணி செய்கிறது.

கிளைற்மன் சாதாரண ஆள் அல்லர். 1938 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி, கென்ரக்கி மாநிலத்திலுள்ள மம்மத் குகைக்குள் தமது மாணவர் புரூஸ் றிச்சர்ட்சனுடன் புகுந்து, 32 நாட்கள் சூரிய ஒளியே இல்லாமல் தங்கியவர். ஒரு நாள் என்பதை 24 மணித்தியாலத்துக்குப் பதிலாக 28 மணித்தியாலமாக மாற்ற முடியுமா என்பதே அவர்களது சோதனை. இருபதுகளில் இருந்த மாணவரின் உடல் ஓரளவு பழகிக்கொண்டது. 43 வயதான ஆசிரியரின் உடல் மறுத்துவிட்டது. குகைக்குள்ளேயும் அது வெளியுலகின் நேரத்துக்கே கண்விழித்தது. 1729 இலேயே பிரான்ஸ் நாட்டின் டி மைரான், இருட்டறையில் வைத்த தொட்டாற்சுருங்கிச் செடி பகல் வேளையில் இலை விரிப்பதைக் கண்டிருந்தார். செடிக்குள்ளும் மனிதனுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அந்தக் கடிகாரத்தின் மரபணு நுட்பத்தைக் கண்டுபிடித்ததற்காக ஜெப்ரி ஹோல், மைக்கேல் றொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதே 1953 நவம்பரில் இலண்டனின் லான்செற் சஞ்சிகையில் வைத்தியர் ஜெரி மொறிஸும் அவரது குழுவினரும் தமது கட்டுரையை வெளியிட்டனர். இலண்டன் போக்குவரத்துச் சேவையில் பணியாற்றிய 35 முதல் 64 வயதுவரையிலான சுமார் 31,000 ஆண்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். இரட்டைத்தட்டு பஸ் வண்டியில் இருவர் வேலை செய்கிறார்கள். ஒருவர் சாரதி; தமது வேலைநேரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருப்பவர். மற்றவர் நடத்துநர், பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுபவர். இருவரும் ஒரே வர்க்கம், ஒரே நகரம், ஒரே வண்டி. ஆனால், நடத்துநர்களுக்கு இருதய நோய் கணிசமான அளவு குறைவாக இருந்தது. திடீர் மரணங்களோ சாரதிகளிடையே இருமடங்குக்கு மேல். தபால் விநியோகிப்பவர்களையும் தபாலகத்தில் மேசையில் அமர்ந்திருப்பவர்களையும் ஒப்பிட்டபோதும் இதே சாயல் தெரிந்தது.

சாரதி வேலைக்கு வருபவர்கள் முதலிலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. மொறிஸ் அதற்காகச் சீருடைகளின் இடுப்பளவுகளைத் தேடிப் பிடித்து 1956 இல் இன்னொரு கட்டுரை எழுதினார். அந்த ஐயத்தில் ஓரளவு உண்மை இருப்பதையும் மறைக்காமல் வெளியிட்டார். இடுப்பளவு எதுவாக இருந்தாலும் நடத்துநருக்கு ஆபத்து குறைவு என்பது அவரது அடுத்தகட்ட ஆய்வுகளில் தெளிவாகியது. செய்தியைத் தேடுபவனுக்கு இருக்கவேண்டிய குணம் அந்த மனிதரிடம் இருந்தது என்பேன்.

இந்தக் கதையில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. 1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானதன் பின்னர், இலண்டன் வீதிகளில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ் வண்டிகள் நூற்றுக்கணக்கில் கொழும்புக்கு வந்து சேர்ந்தன. மொறிஸ் ஆராய்ந்த காலத்தில் இலண்டனில் ஓடிய அதே வகை வண்டிகள் அவை. தோளில் தோற்பையும் கையில் சீட்டுக் கட்டுமாக அந்த வளைந்த படிகளில் ஏறி இறங்கிய எமது நடத்துநர்கள், தாங்கள் இருதயத்துக்கு நன்மை செய்கிறோம் என்று அறிந்திருக்கமாட்டார்கள்.

மொறிஸின் முடிவு தொலைநோக்குடையது. மனிதரின் வேலை இனி உட்கார்ந்து செய்யும் வேலையாகவே மாறும். ஆகவே, வேலையில் கிடைத்த இயக்கத்தை ஓய்வு நேரத்தில் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அது. வேறு விதமாகச் சொன்னால், முதல் எட்டிலிருந்து உடற்பயிற்சி வெளியேறி மூன்றாவது எட்டுக்குள் வந்து அமர்ந்தது. அந்த எட்டுக்குள் ஏற்கெனவே பயணமும் சமையலும் பிள்ளைகளின் பாடமும் பெற்றோரின் மருந்தும் இருக்கின்றன. இடம் போதாமையால் அது நித்திரையின் எட்டைத் தள்ளத் தொடங்கியது. இன்றைய சிக்கலின் பிறப்பு இதுதான்.

இரவுப் பணி

காலைப் பத்திரிகை என்பது இரவில் தயாராவது. எனக்கு முந்திய தலைமுறை அச்சுக்கோர்ப்பாளர்கள் ஈய எழுத்துகளை நின்றபடியே பொறுக்கிக் கோர்த்தார்கள். கணினி வந்த பின்னர் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். யுத்த காலத்தில் இறுதிப் பக்கம் மூடும் நேரத்தை எவராலும் சொல்ல முடியாது. நள்ளிரவில் வரும் ஒரு தொலைபேசி அழைப்பு முதற்பக்கத்தையே மாற்றிவிடும். தேநீரும் சிகரெட்டும் சிற்றுண்டிக் கடையின் கொத்துரொட்டியுமாகக் கழிந்த இரவுகள் அவை. அந்த மேசையில் என்னோடு இருந்த மூத்த ஒப்புநோக்குநர் ஒருவர் ஐம்பத்து நான்காவது வயதில் மாரடைப்பால் காலமானார். பிழை பார்ப்பதில் அவருக்கு நிகரில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் இரவில் விழித்து, பகலில் பிள்ளைகளின் பாடசாலைக்கும் வங்கிக்குமாக அலைந்து, கிடைத்த மூன்று நான்கு மணித்தியாலங்களில் நித்திரை செய்தவர். அவருடைய மரணத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால், அவரது நாளில் அவருக்கென்று எந்த நேரமும் இருக்கவில்லை என்பதை நான் அறிவேன்.

2007 ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், இரவுப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் சேர்த்தது. 2019 இல் மீளாய்வு செய்து அதை உறுதிப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் 2021 இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்தில் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்வதன் விளைவாக 2016 ஆம் ஆண்டில் மாத்திரம் பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள். மெல்பேர்ண் கற்கொத்தர்கள் 1856 இல் கேட்டது ஆடம்பரமல்ல, உயிர்ப் பிரச்சினை என்பதை உலகம் கணக்கிட்டுச் சொல்ல 165 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சைக்கிள் சுற்றிய காலம்

1990 களின் யாழ்ப்பாணத்தை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியாது. மின்சாரம் இல்லை. எரிபொருளுக்குத் தடை. பேராசிரியரும் வைத்தியரும் மாணவரும் மீன் வியாபாரியும் சைக்கிளிலேயே சென்றார்கள். ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கு எண்ணெயைச் சேமிப்பதற்காக வேளைக்கே அணைக்கப்பட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட சமூகம் எம்முடையது. உடலியக்கத்துக்கு அங்கே குறைவிருக்கவில்லை, இருளுக்கும் குறைவிருக்கவில்லை. ஆனால், நித்திரை இருந்ததா? குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சலுக்கும் எறிகணைக்கும் காது கொடுத்தபடி, பதுங்குகுழிக்கு எத்தனை பாய்ச்சலில் போகலாம் என்று கணக்கிட்டபடி படுத்தவர்களுக்கு எங்கே நித்திரை? அந்தக் காலத்தை ஆரோக்கிய வாழ்வென்று சிலர் இப்போது ஏக்கத்தோடு பேசுவதைக் கேட்கிறேன். அமைதி இல்லாத இடத்தில் எட்டு மணித்தியால இருளும் ஓய்வாகாது. அன்று பழகிய விழிப்பு, கடல் கடந்து குளிர்நாடுகளுக்கு வந்த பின்னரும் பலரை விட்டு நீங்கவில்லை என்பதை வாசகர்கள் பலர் தங்கள் வீடுகளிலேயே கண்டிருப்பீர்கள்.

எதை எதற்கு விட்டுக்கொடுப்பது?

இனிக் கேள்விக்கு வருவோம். நேரம் போதவில்லை, நித்திரையா, உடற்பயிற்சியா? வளர்ந்தோருக்கு ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும் என்பது 2015 இல் அமெரிக்க நித்திரை மருத்துவ நிபுணர்கள் வெளியிட்ட பரிந்துரை. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், பயிற்சியின் பங்கு நாளொன்றுக்கு இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டுகிறது. நாழிகைக் கணக்கில் ஏறக்குறைய ஒரு நாழிகை. இன்னொரு முக்கியமான மாற்றமும் அந்த வழிகாட்டலில் உண்டு. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு அசைவும் கணக்கில் சேரும். மொறிஸின் நடத்துநர்கள் ஒரே மூச்சில் 500 படி ஏறவில்லை. பயணி ஏற ஏற, நாள் முழுவதும் சிதறலாக ஏறினார்கள்.

ஆகவே, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்து ஓடுபவர்களைப் பார்த்து நான் வியப்பதில்லை. அது கடன் வாங்கிக் கடன் கொடுத்த கதை. ஓட்டத்துக்காக நித்திரையை விற்பவர் இரண்டு நாளில் அந்த ஓட்டத்தையும் இழக்கிறார். மறுபுறம், பிரித்தானியாவில் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வொன்று, நித்திரை குறைந்தவர்களுக்கு உடலியக்கமும் குறைந்தால் கேடு பெருகுகிறது என்றும், போதிய இயக்கம் உள்ளவர்களிடையே அந்தக் கேடு வெகுவாகத் தணிகிறது என்றும் கண்டது. இரவுப் பணியை விட முடியாதவர்களுக்கு இது ஓர் ஆறுதல். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் தூண்கள். ஒன்றை இடித்து மற்றதைக் கட்ட முடியாது.

என் வழக்கத்தைக் கேட்பவர்களுக்குச் சொல்வேன். பக்கம் மூடிய பின்னர் வீடு வந்து படுக்கும் நேரம் எதுவாயினும், அதிலிருந்து ஏழு மணித்தியாலம் எனது தொலைபேசி ஒலிக்காது. வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் இது தெரியும். நடையை நித்திரைக்குள் தேடாமல் வேலைக்குள் தேடுகிறேன். மின்தூக்கியை விட்டுப் படியேறுவது, இரண்டு தரிப்பிடங்களுக்கு முன்னரே பஸ்ஸிலிருந்து இறங்குவது, தொலைபேசியில் பேசும்போது எழுந்து நடப்பது. மாலையில் காலிமுகத்திடலில் ஒரு நடை கிடைத்தால் அது இலாபம்.

எனினும், இதைத் தனிமனிதரின் மனவுறுதிப் பிரச்சினையாகச் சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன். 2023 ஏப்ரல் 21 ஆம் திகதி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், பன்னிரண்டு மணித்தியால வேலைநாளுக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமூலம் நிறைவேற்றப்பட்டது. மெல்பேர்ண் கற்கொத்தர்கள் ஊர்வலம் போன அதே திகதி. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்று நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று மீளப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வென்றெடுத்த மணித்தியாலங்கள் கல்லில் செதுக்கப்பட்டவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இரண்டு வேலை செய்தால்தான் வீட்டு வாடகை கட்டலாம் என்ற நிலையில் இருப்பவரிடம் நேர முகாமைத்துவம் பற்றிப் பேசுவது, மலையகப் பெண்ணிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசுவதற்கு ஒப்பானது.

ஜெரி மொறிஸ் 2009 இல், தமது நூறாவது வயதை எட்டுவதற்குச் சில மாதங்கள் இருக்கையில் காலமானார். தொண்ணூறுகளிலும் உடற்பயிற்சியைக் கைவிடாதவர். கிளைற்மன் 1999 இல் காலமானபோது அவருக்கு வயது 104. இருவரது ஆயுளையும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பத்திரிகையாளனுக்கு இரண்டு உதாரணங்கள் போதும் என்றாலும் அறிவியலுக்குப் போதாது. ஆனால், எமது வீட்டில் எவராவது இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கிக்கொண்டிருந்தால், கதவை மெதுவாகச் சாத்துவதற்கும், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பதற்கும், வந்த விருந்தினரிடம் மாலையில் வருமாறு சொல்வதற்கும் எந்த ஆய்வும் தேவையில்லை. அந்த எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு நூற்றாண்டு காலப் போராட்டம் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.